பெண் தவளைகள் எந்த ஊர்?

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம்.

தவளை ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று சொல்லி, என்னிடம் நாலு வார்த்தை கேட்டு வாங்கும்படி உங்களை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. அதற்குள் தவளைகளிடமிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மண்புழு நடத்துகிறேன். மண்புழுவில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்புக்குள் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஏன் என்று படித்தால் தெரியும்.

ஊசி மருந்து எத்தனை சொட்டு, சாயம் எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டாததைச் சொல்கிறேன்.

அங்கே உங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது கத்தரிக்கோல் பிடிக்கத்தான். தவளையின் ஒரு செல்லை மைக்ராஸ்கோப் வழியாகப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, அதில் நகத்துண்டுபோலச் சிதறிக் கிடக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். இருபத்தாறு துண்டு. நீளம் பார்த்து, வடிவம் பார்த்து, பதின்மூன்று ஜோடியாக அட்டையில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவர் நாம். தவளைக்கு இதில் எந்தப் பேச்சும் கிடையாது. கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். ஒரு துண்டு ஜோடிக்கு நிற்கவில்லை என்றால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறு செல்லைத் தேடுவோம். ஒதுக்கப்பட்டதற்குக் ‘கெட்ட செல்’ என்று பெயர். எது நல்ல செல் என்று நான் முதல் வருடம் கேட்டேன். எங்கள் பேராசிரியர் நினைத்தபடி வந்தது நல்ல செல்.

அவர் பெயர் வேண்டாம். கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவசரக்காரர். பல வருடங்களுக்கு முன்பு ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கிய கோட்டு அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். யாராவது விருந்தினர் வந்து போட்டோ எடுக்கும்போது அது இறங்கி வரும். தவளையைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவிருந்திருக்காது. ஆனால் தவளைகள் என்ன சொல்லப்போகின்றன என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நான் ஒடுகத்தூர்ப் பக்கம். அடுத்தவர் நிலத்தில் கடலை பயிரிடும் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆராய்ச்சியில் சேர்ந்ததும் என் அப்பா ஒரு நாள் விசாரித்தார்.

“தவளைய அறுத்து இன்னாடா பாக்கற?”

“குரோமோசோம்பா. ஒவ்வொரு உயிருக்கும் உள்ள கீற சங்கதி.”

“அத்த பாத்தா?”

“டாக்டர் பட்டம் குடுப்பாங்க.”

“ஊசி போடுவியா?”

“தவளைக்குப் போடுவேன்.”

“அப்ப வர்றப்ப நம்ம செவப்பு மாட்டுக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ.”

அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான், ஆனால் கணக்கு சரியாகவே புரிந்திருந்தது. பட்டம் வந்தால் கல்லூரி வேலை. வராவிட்டால் திரும்பவும் கடலைக்காடு. உதவித்தொகை மூன்று வருடத்துக்குத்தான். நடுவில் வேறு வழி கிடையாது. நான் எதற்குப் பயந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்ததை நீங்கள் வீரம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான். நம் வயல்களில் கிடக்கும் சாதாரணத் தவளை கீழே ஏரியிலும் இருக்கிறது, மேலே ஜவ்வாது மலையிலும் இருக்கிறது. இரண்டின் குரோமோசோம்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவளைகளில் எண்ணிக்கை லேசில் மாறாது. மாறினால் வடிவம்தான் மாறும். ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி உட்காரும், ஒரு கை, அதாவது துண்டின் ஒரு பக்கம், நீளும். அப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் ஓர் இனம் இரண்டாகிறது. நான் அதை முழு மனதோடு நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

மலைத் தவளைகளில் ஒன்பதாவது ஜோடி ஒட்டும்போது ஒரு துண்டு நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தது. கத்தரித்தது தப்போ என்று மறுபடி வெட்டினேன். மறுபடியும் அப்படியே. பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் எனக்காக எழுந்தது அது ஒரு முறைதான்.

“இது ஆணா?”

“ஆண் சார்.”

“பெண்ணில்?”

“பெண் எல்லாத்துலயும் சமமா இருக்கு சார்.”

“டேய்,” என்றார்.

மனிதரில் ஆணுக்கு ஒரு ஜோடி ஏறுமாறாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்; அதுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, அதற்குப் பால் குரோமோசோம் என்று பெயர். தவளைகளில் அந்த ஜோடியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எங்கள் சாதாரண வயல் தவளையில் அது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் சும்மாவா? கோட்டு கீழே இறங்கியது. இனிப்பு வந்தது. மலையும் ஏரியும் என்ற பழைய தலைப்பை இருவருமே மறந்துபோனோம். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போய், ஏற்றுக்கொள்ளப்பட்டு, அச்சுப்படியும் திருத்தத்துக்கு வந்துவிட்டது. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. என் ஆய்வேட்டுக்கும் அதுவே உயிர்நாடி என்று முடிவாயிற்று.

பதினோரு ஆண் தவளைகளில் ஏழில்தான் ஏறுமாறு. மீதி நான்கிலும் ஜோடி சமமாகவே இருந்தது. அந்த நான்கும் கெட்ட செல். அப்படித்தான் சொன்னார், அப்படித்தான் நானும் எழுதிவைத்தேன். ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதினால் அதற்குப் பெயர் தரவு.

அச்சுப்படி வந்த இரண்டாம் நாள், திங்கட்கிழமை, வேறு கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பின்கட்டில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்றில் ‘ஆண்’ என்றும் ஒன்றில் ‘பெண்’ என்றும் நான் பெயின்டில் எழுதியிருந்தேன். தவளைகளுக்குப் பூச்சி போடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் உதவியாளர் கன்னியப்பன்.

“கன்னியப்பன், ஆண் தொட்டியிலிருந்து ரெண்டு எடுங்க.”

“மலைத் தொட்டியா சார்?”

“ஆண் தொட்டிங்க.”

“அத்தான் சார் கேக்கறேன். மலைத் தொட்டி. ஏரித் தொட்டி வாணாம்ல?”

“எழுதியே வெச்சிருக்கேன், நீங்க ஏன் வேற பேர் சொல்றீங்க?”

“நமக்குப் படிப்பு இல்ல சார். எது எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரியும், அத்த சொல்றேன். நீங்க ஆம்பளன்னுறீங்க, நான் மலைன்றேன். ரெண்டும் ஒண்ணுதானே? இன்னா இப்ப?”

ஒன்றரை வருடமாக அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த வாக்கியம் காதில் விழுந்தது. பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஆண் தவளை எல்லாம் ஜவ்வாது மலை. பெண் தவளை எல்லாம் கணியம்பாடி ஏரி. ஒன்றுகூட மாறவில்லை.

எப்படி ஆயிற்று தெரியுமா? மலைக்குப் போனபோது நான் கத்தல் கேட்ட திசையில் போய்ப் பிடித்தேன். தவளையில் கத்துவது ஆண் மட்டும்தான். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துப் பரீட்சையும் எழுதி, அதில் முதல் வகுப்பும் வாங்கியவன் நான். ஏரித் தவளைகளைக் கொண்டுவந்து கொடுத்தவரோ கல்லூரிகளுக்குத் தவளை போடும் வியாபாரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்க் கேட்டேன்.

“பெருசு பெருசா பொறுக்கிப் போட்டேன் சார்,” என்றார் பெருமையாக. “சின்னது குடுத்தா உங்க பசங்க அறுக்கறதுக்குக் கஸ்டம். உங்களுக்குன்னா ஸ்பெசல்தான்.”

பெரியது பெண். அவர் பெரிதாகப் பார்த்துக் கொடுத்தார், நான் சத்தமாகக் கத்தியதைப் பிடித்தேன், எங்கள் பேராசிரியர் இரண்டையும் சேர்த்துப் பால் குரோமோசோம் கண்டுபிடித்தார். நாங்கள் ஒப்பிட்டது ஆணையும் பெண்ணையுமா, மலையையும் ஏரியையுமா? எங்களால் சொல்லவே முடியாது.

அன்று பிற்பகலே அவரிடம் போனேன்.

“சார், ஆண் எல்லாம் மலையிலேர்ந்து வந்தது. பெண் எல்லாம் ஏரியிலேர்ந்து வந்தது.”

“அதனால?”

“வித்தியாசம் ஆண் பெண்ணால வந்ததா, ஊரால வந்ததான்னு தெரியாது சார்.”

பேனாவை மூடினார். “ரெண்டும் ஒரே இனம்தானே?”

“ஆமா சார்.”

“தவளைக்கு இது மலை, இது ஏரின்னு தெரியுமாப்பா?”

இந்தக் கேள்வியைப் பிறகு நான் பல இடங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. “மலையிலேர்ந்து நாலு பெண் தவளை பார்த்துட்டா—” என்று இழுத்தேன்.

“பாரு. யாரு வேணாம்னா? பேப்பர் வெளிவந்தப்புறம் நிதானமா பாரு.”

அச்சுப்படி சனிக்கிழமை தபாலில் போக வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆலங்காயத்தில் இறங்கி, மேலே போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அப்பா அன்று கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார், நன்றாகவே இருந்தார்.

மலையில் எனக்குத் தெரிந்த வீடு வெள்ளையன் வீடு. சாமை போடுகிறவர், பள்ளத்தில் ஓடையோரம் கொஞ்சம் நெல்லும் உண்டு. முன்பு தவளை பிடிக்கப் போனபோது வழி காட்டியவர் அவர்தான். நல்ல மழைக்காலம். புதன்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் வயலுக்குப் போனோம். அவர் மனைவி குப்புவும் கூட வந்தார்.

“இன்னா வாத்தியாரே, முன்ன இட்டுக்கினு போனது பத்தலியா? அல்லாத்தையும் தின்னுட்டியா?”

“தின்னலீங்க. எல்லாம் ஆணா புடிச்சிட்டேன். இப்ப பொட்டை வேணும்.”

வெள்ளையன் அப்படியே வரப்பில் குந்திவிட்டார். “ஏ குப்பு, கேட்டியா? வாத்தியாருக்கு இத்தினி நாள் கழிச்சி, பொட்டைன்னு ஒண்ணு கீதுன்னு தெரிஞ்சிக்கிது!”

“பொண்ணு பாத்துக்கினு இருக்காங்களா வூட்ல?” என்று கேட்டார் குப்பு. “சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க. இப்பிடியே வுட்டா ஆவாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டு, கத்தாத தவளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

“கத்திக்கினு இருந்தவன் இப்ப எவ முதுகுல குந்திக்கினு கீறான்னு பாருங்க. கீழ கீறா பாரு, அவதான்.”

மழைக்கு மறுநாள் காலை. நெல்லுக்குள் தேங்கிய தண்ணீரில் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஆண், பெண்ணின் முதுகை இறுகக் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் கத்தரித்து ஒட்ட வேண்டியிருக்கவில்லை. நான் முன்பு மூன்று மாலைகள் இதே வரப்பில் டார்ச்சோடு நடந்து, சத்தம் ஓய்ந்த இடத்தையெல்லாம் தவளை இல்லாத இடம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் ஆறு ஜோடி கிடைத்தது. ஆணை விலக்கி வயலிலேயே விட்டுவிட்டு, பெண்ணை மட்டும் ஈரத்துணிப் பையில் போட்டேன்.

“இத்தினி நேரம் கஸ்டப்பட்டுப் புட்சிக்கினு இருந்தான், பிரிக்கிறியே வாத்தியாரே,” என்றார் வெள்ளையன். “பாவம் சும்மா வுடாது உன்ன.”

வியாழனும் வெள்ளியும் நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவில்லை. ஆறு மலைப் பெண்களில் நான்கில் ஒன்பதாவது ஜோடி ஏறுமாறு; இரண்டில் சமம். அதோடு, ஒதுக்கிவைத்திருந்த அந்த நான்கு ஆண்களின் ஸ்லைடுகளையும் எடுத்து மறுபடி பார்த்தேன். குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து கிடந்தன. கெட்ட செல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சமமான ஜோடி, அவ்வளவுதான்.

ஆக, ஆண் பெண் என்பதற்கும் அந்த நீளத் துண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏரியில் ஒரே வடிவம்தான் இருக்கிறது. மலையில் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே வயலில், ஒரே தண்ணீரில் கலந்து திரிகின்றன. ஒரு மாற்றம் இன்னும் முடிவாகாமல் நடந்துகொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் முடிந்த கதையாகப் படித்ததை நடுவில் பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. எனக்கு அது பால் குரோமோசோமைவிடப் பெரியதாக இருந்தது. அது வேறு யாருக்கும் பெரியதாக இருக்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஸ்லைடுகளோடு போய் நின்றேன். விடுப்பைப் பற்றிப் பொய் சொன்னதையும் சொன்னேன். பேராசிரியர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நீண்ட நேரம் பார்த்தார்.

“செல் சரியா விரியல.”

“சார், ஆண்ல இதே மாதிரி இருந்தப்ப நல்ல செல்லுன்னு சொன்னீங்க.”

“உன் உதவித்தொகை மார்ச்சோட முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“ஆய்வேட்டில யார் கையெழுத்துப் போடணும்?”

“நீங்க சார்.”

“அப்ப?”

கதைகளில் வருகிற இளைஞர்கள் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவார்கள். என் கண்ணுக்குக் கடலைக்காடு தெரிந்தது. மேஜைமேல் அச்சுப்படி விரிந்து கிடந்தது. தவளைகள் எங்கே பிடிக்கப்பட்டன என்ற இடத்தில், ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று மட்டும் இருந்தது. மலையும் அதற்குள் அடக்கம், ஏரியும் அதற்குள் அடக்கம்.

“சார், புடிச்ச இடத்தை மட்டும் கொஞ்சம் விவரமா போட்டுடலாமா? ஜவ்வாது மலைன்னு பேர் வரட்டும்.”

அவர் முகம் தெளிந்தது. “அதைச் செய். மலைன்னா வெளிநாட்டுக்காரனுங்களுக்குப் பிடிக்கும்.”

அவர் பேனாவையே வாங்கி, அவர் கண் முன்னால் ஓரத்தில் எழுதினேன்: ஆண் தவளைகள் அனைத்தும் ஜவ்வாது மலை, பெண் தவளைகள் அனைத்தும் கணியம்பாடி ஏரி, சமவெளி. தாளை அவர் பக்கம் திருப்பினேன். தன் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று முதல் பக்கத்தைப் பார்த்தார். நான் எழுதிய பக்கத்தின் மூலையில் சுருக்கொப்பம் போட்டார். படிக்கவில்லை. சனிக்கிழமை நானே தபாலில் சேர்த்தேன்.

என் துணிச்சல் அந்த ஒரு வரிதான். அதற்கு மேல் எனக்கு இல்லை. கட்டுரை வந்தது, பொய்யாகவே வந்தது, என் பெயரோடு வந்தது. அந்த வரியை ஒருவனும் படிக்காமல் போயிருந்தால் இன்று நான் உங்களுக்கு இதை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

ஆய்வேட்டில் மட்டும் நான் அட்டவணையை மாற்றவில்லை. பதினேழு மலைத் தவளைகளையும் போட்டேன், ஆண், பெண், சமம், ஏறுமாறு எல்லாம். அவர் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. “பார்க்கலாம்” என்றார். மார்ச் வந்தது, உதவித்தொகை நின்றது. வேலூரில் ஒரு டுடோரியலில், பரீட்சையில் தவறியவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா, “இன்னும் அந்தத் தவள முடியலியா?” என்பார். அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்: அந்த ஆறு பெண்களையும் வயலிலேயே விட்டிருந்தால் இந்நேரம் வேலையில் இருந்திருப்பேன். உண்மையாகவே நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்கிறவனை நம்பாதீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் டுடோரியல் வாசலில் கன்னியப்பன் சைக்கிளோடு நின்றார்.

“பெரிய சார் கூப்புடறாரு. வெளிநாட்லேர்ந்து லெட்டர் வந்துக்கிது. மொகம் நல்லா இல்ல. சாப்ட்டு வாங்க சார், அங்க போனா சாப்புட முடியாது.”

கடிதம் நான்கே வரி. யாரோ முன்பின் தெரியாத ஆள், மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். படங்கள் மிக அழகு. ஒரே ஒரு சின்னச் சந்தேகம். பெண் தவளைகள் எல்லாம் சமவெளியைச் சேர்ந்தவை என்று இருக்கிறது. மலைப் பெண் தவளைகளையும் பார்த்திருப்பீர்கள், அந்த முடிவைத் தெரிவிக்க முடியுமா?

“இந்த வரியை யாரு சேத்தது?”

“நான்தான் சார். நீங்க சேக்கச் சொன்னீங்க. சுருக்கொப்பம் போட்டிருக்கீங்க.”

அவர் என்னை அடிக்கக்கூட வரலாம் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்த மலைப் பெண் தவளை ஸ்லைடெல்லாம் வெச்சிருக்கியா?”

“இருக்கு சார்.”

“எடு.”

அதே ஸ்லைடு, அதே மைக்ராஸ்கோப், அதே கண். “அருமையா விரிஞ்சிருக்கே!” என்றார். பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலத்தில் செல்கள் தாமாகவே திருந்தியிருக்கின்றன.

இரண்டாவது கட்டுரை நான்கே மாதத்தில் போயிற்று. ‘நாங்கள் தொடக்கத்திலேயே ஐயமுற்றபடி’ என்று அது ஆரம்பிக்கும். நீங்கள் படித்திருப்பீர்கள், உங்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். ஒரு தப்புக்கு ஒரு கட்டுரை, அந்தத் தப்பைத் திருத்தியதற்கு ஒரு கட்டுரை. இரண்டுக்கும் சேர்த்து அவருக்கு இன்னும் பெரிய நாற்காலி கிடைத்து, ஊரை விட்டுப் போய்விட்டார். அதனால்தான் நீங்கள் அங்கே கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

போவதற்கு முன்பு என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். அட்டவணையில் ஒரு எண்ணைக்கூட மாற்றச் சொல்லவில்லை. இப்போது அது அவருக்கும் வேண்டிய அட்டவணை. முன்னுரையை மட்டும் தானே சொல்லி, என்னை எழுத வைத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். வயதானவர், நிதானமாகப் படித்துவிட்டு வந்திருந்தார். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு கடைசி அட்டவணையில் விரலை வைத்தார்.

“எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பெண் தவளையையும் அதே மலையிலேர்ந்து கொண்டுவரணும்னு தோணிச்சு பாருங்க, அது எல்லாருக்கும் தோணாது. யாருக்குத் தோணிச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் சிரித்தார். அன்று கோட்டுப் போட்டிருந்தார்.

“நான் ஆரம்பத்திலேயே சொல்லி அனுப்பினேன் இவனை. ‘மலைக்குப் போ, பெண் தவளையைப் பிடிச்சுக்கிட்டு வா, அப்புறம் பேசு’ன்னேன். என்னப்பா?”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது என்றே இப்போதும் நினைக்கிறேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்கத் தயாராக இருந்தார். கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. பட்டத்தை அந்த நிமிடத்தில் யாரும் பிடுங்கியிருக்க முடியாது. நிதானமாக யோசித்திருந்தால் அது எனக்கே தெரிந்திருக்கும்.

“ஆமாம் சார்,” என்றேன்.

வரப்பில் குந்திச் சிரித்த வெள்ளையனையும், தொட்டிகளுக்குத் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்த கன்னியப்பனையும் ஒரே சொல்லில் அழித்தேன். மிரட்டியபோது அசையாமல் அட்டவணையைக் காப்பாற்றியவன், யாரும் மிரட்டாத இடத்தில் விழுந்தேன். பழக்கத்தில் வந்துவிட்டது அந்த ‘ஆமாம் சார்’. அங்கே ஐந்து வருடத்தில் கத்தரிக்கோலைவிட நன்றாகப் பழகியது அதுதான்.

உங்களுக்கும் பழகும். பழகாதீர்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆய்வேடு உங்கள் நூலகத்தில் பின்வரிசை அலமாரியில் இருக்கிறது. வேலைக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகளை நம்பலாம், ஒவ்வொரு தவளையும் நான் எண்ணியது. முன்னுரையைப் படிக்க வேண்டாம்.